குழாயை அறுத்த அப்பா

விடிந்ததிலிருந்து சுள்ளிக்குக் கோபம். முதல் நாள் அடிவாரத்து விடுதியில் படுக்கும்போது இருந்த அதே கோபம்தான். ஒரு தூக்கம் போட்டு எழுந்ததில் அதற்கும் நல்ல ஓய்வு கிடைத்திருந்தது.

அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மகாராணி நல்லா தூங்கினாங்களான்னு தெரியலையே" என்றார். மகாராணி என்பது வண்டி. சுள்ளி பிறப்பதற்குப் பல வருடம் முன்பே பழையதாகிவிட்ட மோட்டார் சைக்கிள். அதை அவர் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கட்டிய மனைவியை ஏய் என்பார். இந்த வித்தியாசம் இத்தனை காலமாக அந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. சுள்ளிக்கே இந்தப் பயணத்தில்தான் உறைத்தது.

பயணம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் பெரியம்மா ஒரு சின்ன விடுதி நடத்துகிறாள். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பார்த்துக்கொள்ளப் போனாள் சுள்ளியின் அம்மா. பெரியம்மா எழுந்தாள், நடந்தாள், வேலைக்காரர்களைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அம்மா மட்டும் திரும்பி வரவில்லை. மாதம் ஐந்தாகிறது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று போனில் கேட்டால், "அவரை வரச் சொல்லு. அவர் வாயால கேட்கட்டும்" என்பதோடு சரி.

அப்பா கிளம்பினார். பஸ்ஸில் ஏறினால் ஒரு பகலில் போய்விடலாம். அவர் மாட்டேன் என்றார். கல்யாணமான கையோடு அவளைக் கூட்டி வந்த வண்டியிலேயே போய்க் கூட்டி வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் கிளட்சைப் பிடிக்க இடது கை வேண்டுமே. வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த மலையில் டெலிபோன் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மனிதர், போன மாதம் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த கையில் ஒரு டம்ளரைக்கூட உறுதியாகப் பிடிக்க முடியவில்லை. ஆகவே ஓட்டுநர் உத்தியோகம் மகளின் தலையில் விழுந்தது.

மகளுக்கும் இது முடிந்தாக வேண்டும். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. காலையில் அப்பா வீட்டுச் சமையல், பிறகு பட்டறை, மாலையில் மறுபடி அப்பா வீடு, அதற்குப் பிறகுதான் சொந்த வீடு, புருஷன், பிள்ளைகள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போன் பேசுவதும் அவள்தான். அம்மா என்ன சொன்னாள் என்று அப்பா அவளைக் கேட்பார். அப்பா என்ன சொன்னார் என்று அம்மா அவளைக் கேட்பாள். வருகிறாளா, வரவே மாட்டாளா, இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள். தெரியாமல் இன்னொரு மாதத்தை ஓட்ட அவளால் முடியாது.

சுள்ளி என்பது அப்பா வைத்த பெயர். சட்டென்று பற்றிக்கொள்வாளாம். யார் பற்ற வைக்கிறார்கள் என்று யோசித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

"ஆம்பியர் முள்ளைப் பார்த்து உதை. அவசரப்பட்டா திருப்பி அடிச்சுடுவாங்க" என்றார் அப்பா, வண்டியருகே நின்று.

அவளுக்குத் தெரியாதா? பதினாறு வயதில் கற்றது. கைப்பிடியில் உள்ள சின்ன லீவரை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கி, முன்னாலிருக்கும் மீட்டரின் முள் நடுவில் வந்து நின்றதும் லீவரை விட்டு ஒரே உதை. மகாராணி ஒரு தும்மல் தும்மிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அப்பா முகம் மலர்ந்து டேங்க்கைத் தட்டிக் கொடுத்தார்.

மலை ஏறத் தொடங்கியது. சாலை ஒரு பக்கம் பாறையோடும் மறுபக்கம் பள்ளத்தோடும் உறவு கொண்டாடியபடி வளைந்து வளைந்து போனது. எதிரே லாரி வந்தால் ஒதுங்கி நிற்க ஒரு கை அகலம்தான். கொண்டை ஊசி வளைவுகளில் சரளைக் கல் உதிர்ந்து கிடந்தது. உயரே போகப்போகக் காற்று மெலிந்து என்ஜினுக்கும் மூச்சு வாங்கியது. சுள்ளி தோள் இறுக, கண் இமைக்காமல் ஓட்டினாள். நிஜத்தில் அது ஆனந்தமான சவாரி. தனியாக வந்திருந்தால் பாட்டுப் பாடியிருப்பாள்.

தனியாக வரவில்லையே. ஒவ்வொரு வளைவுக்கும் பின்னாலிருந்து அவள் தோளில் ஒரு தட்டு விழுந்தது. ஒரு தட்டு என்றால் கியரைக் குறை. இரண்டு தட்டு என்றால் ஹாரன் அடி. அவள் கியரைக் குறைத்த பிறகும் தட்டினார். தட்ட வேண்டாம் என்று கத்திச் சொன்ன பிறகு கொஞ்ச தூரம் நிறுத்திவிட்டு மறுபடி தட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடிக்கிறவர்களின் பல் எப்படித் தேயும் என்பது அவள் தொழில் என்பதால் அதற்கும் ஒரு பயம் வந்து, கடிப்பதை விட்டுவிட்டு மனசுக்குள் திட்டினாள்.

பாதி ஏற்றத்தில் தட்டு நின்றுபோனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பெரிய மனசு பண்ணிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

உச்சியில் ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் இறக்கம்தான். இறக்கத்தில் ஒரு சின்னக் கடைவீதி, பிறகு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் விடுதி. ஓடைக்குப் பாலம் கிடையாது. மேலே சிகரங்களில் உறைந்து கிடக்கும் பனி வெயிலேற ஏற உருகி வரும் தண்ணீர் அது. உச்சி வெயிலுக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே ஓடும். மதியம் தாண்டினால் ஏறத் தொடங்கி, சாயங்காலம் யாரையும் விடாது. டீக்கடையில் நின்றிருந்த லாரிக்காரர்கள் எல்லோரும் அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான்.

சுள்ளியும் அவசரப்பட்டாள். டீயை வாங்கி அப்பாவிடம் நீட்டியபோதுதான் அவர் உட்காராமல் நிற்பதைப் பார்த்தாள். இடது காலைத் தரையில் சரியாக ஊன்றவில்லை. பேன்ட்டின் ஓரத்தில், ஆடுசதைப் பக்கம், துணி பழுப்பேறிச் சுருங்கியிருந்தது.

என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் அவர் அனுமதியைக் கேட்காமல் குனிந்து பேன்ட்டைத் தூக்கினாள். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொப்பளித்திருந்தது. கொப்புளத்தின் ஓரத்தில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்போலேருந்து?"

"ஏற்றம் ஆரம்பிச்சதுலேருந்து."

"வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா?"

அப்பா தூரத்து மலையைப் பார்த்தார். "சொன்னா வண்டியைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்."

அவள் எழுந்து போய் வண்டியைப் பார்த்தாள். சைலன்சர் குழாய் எல்லா வண்டிகளிலும் கீழே கிடக்கும். மகாராணிக்கு மட்டும் மேலே ஏறி, பின் சீட்டின் இடது பக்கத்தை உரசிக்கொண்டு போகும். லைன்மேன் வேலையில் ஓடை ஓடையாகத் தாண்ட வேண்டியிருந்ததால் தண்ணீர் புகாமலிருக்க அப்பாவே வளைத்துத் தூக்கிக் கட்டியது. அதைப் பற்றி அவர் சொல்லாத ஆளில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் முதல் பேச்சே அதுதான். சுள்ளி குழாயின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே இழுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்? சின்ன வயதில் அவள் முன்னால், டேங்க்கின் மேல். அப்பா ஓட்டுவார். பின்னால் எப்போதும் ஒரே ஆள்தான். இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அம்மா.

அம்மாவின் ஆடுசதையில் கருத்த தழும்புகள் உண்டு. ஒன்றல்ல, பல. பள்ளிக்கூடம் போகும் வயதில் சுள்ளி கேட்டதற்கு, இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்று அம்மா சொன்னாள். அதை இத்தனை வயதுவரை அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஆடுசதையில் யாராவது இஸ்திரி போடுவார்களா? மண்டையில் மூளை இருக்கிறதா எனக்கு என்று தன்மீதே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு அவள் திரும்பி வந்தாள்.

"அம்மா உங்ககிட்ட சொல்லியிருக்காளா, சுடுதுன்னு?"

அப்பா சர்க்கரை கரைந்துபோன டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஒரு தடவை சொன்னா. புதுசுல" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலைத் தள்ளி வெச்சுக்கோன்னு சொன்னேன்."

"எங்கே தள்ளி வெச்சுக்கிறது?"

 அவருக்கு எப்படித் தெரியும்? தன் வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முதலில் ஒரு மறைப்புத் தகடு இருந்தது, அது கடகடவென்று ஆடி மகாராணியின் குரலைக் கெடுத்தது, அதனால் கழற்றிப் போட்டேன் என்று மெல்லிய குரலில் சொன்னார். சொல்லாமலிருந்தால் பிழைத்திருப்பார்.

சுள்ளி அன்று பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சத்தம் கேட்டு இறங்கிய லாரிக்காரர்கள், மலையழகைப் பார்க்க வந்தவர்கள்போலத் திரும்பி நின்றுகொண்டார்கள். ஒரு தகட்டின் சத்தம் உங்கள் காதில் விழுந்தது, ஒரு பெண்ணின் கால் வெந்தது உங்கள் கண்ணில் படவில்லை என்றாள். அவள் ஏன் திரும்பி வரவில்லை என்று ஐந்து மாதமாக ஊரெல்லாம் கேட்டீர்களே, அவள் காலைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்குமே என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அழவில்லை.

 அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய் பின் சீட்டில் ஏறினார். குழாயிலிருந்து காலை விலக்கி, இறக்கம் முழுவதும் அந்தரத்தில் தொங்கவிட்டபடி வந்தார். தோளில் ஒரு தட்டுக்கூட விழவில்லை.

கடைவீதிக்கு அவர்கள் வந்தபோது வெயில் உச்சிக்கு வர இன்னும் நேரமிருந்தது. நிறுத்தாமல் போயிருந்தால் ஓடையைச் சுலபமாகத் தாண்டியிருக்கலாம். மருந்துக்கடையைப் பார்த்ததும் சுள்ளி நிறுத்தினாள். அவ்வளவு கோபத்திலும் கொப்புளத்துக்குக் களிம்பு வாங்காமல் போக அவளால் முடியவில்லை.

கடையில் நிற்கும்போது பட்டறை முதலாளியிடமிருந்து போன். அவள் கிளம்பும் முன் முடித்து வைத்த ஒரு பல் செட், போட்டுக்கொண்டவருக்குக் கடிபடவில்லையாம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரவில்லையாம். எந்த இடத்தில் அரம் போட வேண்டும் என்று போனிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. நடுவில் லைன் கெட்டது. சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று பேசினாள். சொன்னதை முதலாளி புரிந்துகொள்ள வெகுநேரம் பிடித்தது. களிம்பும் கையுமாக அவள் திரும்பியபோது நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை.

நாலு கடை தள்ளி வெல்டிங் பட்டறையிலிருந்து நீல வெளிச்சம் அடித்தது. மகாராணி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அறுத்தெடுத்த குழாய்த்துண்டு ஒன்று தரையில் கிடந்தது. மிச்சக் குழாயைக் கீழே இறக்கி, தரையைத் தொட்டுவிடாத குறையாகப் பற்ற வைத்து முடித்திருந்தார்கள். அப்பா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தில் ஒரு நிறைவோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 ஓடையைத் தாண்டுவதற்காகவே ஆயுள் முழுவதும் தூக்கிக் கட்டியிருந்த குழாயை, ஓடையைத் தாண்ட வேண்டிய ஒரே நாளில், ஓடைக்கு இந்தப் பக்கத்திலேயே வெட்டி இறக்க வேறு எந்தக் குடும்பத்து மனிதராலாவது முடியுமா?

நான் எவ்வளவோ சொன்னேன், பெரியவர் கேட்கவில்லை என்று வெல்டிங்காரர் கையை விரித்தார்.

"அவ இனிமே சுகமா உட்காரலாம்" என்றார் அப்பா. "நேரா அவ கண் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தி, குழாயைப் பாருன்னு சொல்லணும்."

"அவ உட்காருவா. நீங்க ஓட்டுவீங்க. கை?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அப்போ நான் எதுல திரும்பறது?"

அப்பா இதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. யோசித்துவிட்டு, "உனக்கு பஸ் இருக்கே" என்றார்.

அவர் மோசமான மனிதர் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பூராவும் விழித்திருந்தவர்தான். ஆனால் வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்றால், மூன்றாவது ஆள் இருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோகும். சுள்ளி களிம்பை அவர் மடியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வெயில் எப்போதோ மேற்கே சாயத் தொடங்கியிருந்தது.

ஓடைக்கரையில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. கலங்கி, சின்னக் கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு லாரிகள் இனி நாளைக் காலையில்தான் என்று ஒதுங்கி நின்றுவிட்டன. அகலம் அதிகமில்லை. எதிர்க்கரையில் கொடிகள் கட்டி, விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. விரிப்புகளுக்கு நடுவில் ஒரு பெண் கைகளை உயர்த்தி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே தெரிந்தது, அம்மா.

காலைவரை காத்திருக்கலாம் என்றாள் சுள்ளி. அப்பா காதில் வாங்கவில்லை. அவர் கண் அங்கேயே இருந்தது. போகலாம், போகலாம் என்று சின்னப் பிள்ளைபோல அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளுக்குள் ஏதோ அறுந்தது. போகட்டும், முழுகட்டும், மகாராணி குடிக்கிற அளவுக்குக் குடிக்கட்டும் என்று முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினாள். அதை அவள் பிறகு நினைத்து வெட்கப்பட்டாள். அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீரில் வண்டி ஓட்ட ஒரே விதிதான். வேகம் வேண்டாம், ஆனால் ஆக்சிலேட்டரை விடக்கூடாது. புகை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் ஏறாது. மூன்றில் ஒரு பங்கு தூரம் வண்டி அதிர்ந்து அதிர்ந்து ஒழுங்காகவே போனது. அப்போது அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா கால்மிதியில் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. சுள்ளி காலை ஊன்றினாள். கை ஆக்சிலேட்டரை விட்டது. கீழே இருந்த குழாய் ஒரே மடக்கில் தண்ணீரைக் குடித்து, மகாராணி அடங்கிப்போனாள்.

தொடைவரை ஐஸ் தண்ணீர். அடியில் உருளும் கல். அந்த இரும்புப் பாரம் முழுவதும் அவள் இடுப்பில் சாய்ந்து நின்றது. விட்டால் வண்டி போகும். சறுக்கினால் அவளும் அதன் அடியில் போவாள்.

"கெட்டியா பிடிச்சுக்கோ. விட்டுடாதே" என்றார் அப்பா. பின்னாலிருந்து இறங்கினார். ஒரு கை கொடுப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் அவளைத் தாண்டி, தண்ணீரை விலக்கிக்கொண்டு, எதிர்க்கரையை நோக்கி நடந்தார்.

அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். திரும்பவில்லை. கரையேறி, சொட்டச் சொட்ட நின்று, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னது அவளுக்கும் கேட்டது.

"ஏய், நான் வந்துட்டேன். குழாயை அறுத்துப் போட்டுட்டேன். வண்டியையே விட்டுட்டு உனக்காக இறங்கி வந்துட்டேன்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.  அந்த வண்டியை அவர் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தார் என்பது சாதாரண விஷயமில்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக ஓடையைப் பார்த்தாள். அம்மா சத்தம் போட்டு சுள்ளி அதுவரை கேட்டதே இல்லை.

"அங்கே வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"நம்ம சுள்ளிதான்."

"அவளை நடுத்தண்ணியில நிக்க வெச்சுட்டா என்னைக் கூப்பிட வந்தீங்க?"

கையிலிருந்த ஈர விரிப்பை அப்படியே புல்லில் போட்டாள். கட்டியிருந்த துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்லக் கையை நீட்டினார், அதைத் தாண்டி ஓடையில் இறங்கினாள். அறுபது வயதுக்கு அவள் நடந்த வேகத்தைப் பார்த்து சுள்ளிக்கே பயமாக இருந்தது. வந்து, மறுபக்க ஹேண்டில்பாரைப் பிடித்து, பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டாள். சுள்ளியின் இடுப்பு நிமிர்ந்தது.

"எந்தப் பக்கம் தள்ளறது?" என்று கேட்டாள் சுள்ளி.

"கிட்ட இருக்கிற பக்கம்."

கிட்ட இருந்தது சுள்ளி வந்த பக்கம். இருவரும் வண்டியைத் திருப்பித் தள்ளினார்கள். மூச்சு முட்டியது. பாதியில் லாரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். கரையில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத் திரும்பினால், அந்தப் பக்கம் அப்பா தனியாக, கொடிகளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இனி விடியும்வரை யாரும் தாண்ட முடியாது.

 அம்மா தனக்காக இறங்கி வந்தாள் என்று சுள்ளிக்கு நிறைவாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தழும்பைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"நீ ஏன்டி அவரை ஏத்திக்கிட்டு வந்தே?"

சுள்ளி பிடித்திருந்த கையை விட்டாள்.

"அவரை வரச் சொன்னேன். நீ கொண்டுவந்து விடுன்னு சொன்னேனா? கை உடைஞ்சா பஸ்ல வரட்டுமே. இல்லை, யோசிச்சுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கட்டுமே. சமைச்சுப் போட்டே. துணி துவைச்சே. நான் இல்லாதது அவருக்குத் தெரியவே விடலையே நீ."

இது நியாயமா? ஒரு பங்கு நியாயம் இருந்தது. அதுதான் சுட்டது. ஐந்து மாதம் இரண்டு அடுப்பு மூட்டியதற்கு, மலையேறியதற்கு, தண்ணீரில் நின்றதற்கு இதுவா கூலி? அவர் அவளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனார். இவள் கரையேற்றிவிட்டுக் கன்னத்தில் அறைகிறாள். காலையிலிருந்து அப்பாமேல் இருந்த கோபம் இரண்டாகப் பிளந்து, சரிபாதி இந்தப் பக்கமும் வந்தது.

"அவர் கால் சுட்டதைச் சொல்லலை" என்றாள் சுள்ளி.  "நீயும் சொல்லலை. அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை என்கிட்ட இஸ்திரிப் பெட்டின்னு சொன்னே. உனக்கு அவர்கிட்ட பேச வாய் இல்லை, அவருக்கு உன்கிட்ட கேட்கக் காது இல்லை. நடுவுல நான் எதுக்கு? விடிஞ்சதும் நான் என் வீட்டுக்குப் போறேன். தனியா. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கரையில நின்னு பேசிக்கோங்க."

 அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.  அவள் திரும்பி, தண்ணீரின் ஓரத்துக்கே நடந்து போனாள்.

சுள்ளி வண்டியோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். லாரிக்காரர்கள் பின்சக்கரத்தைத் தூக்க, குழாயிலிருந்து தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. பிளக் இல்லாமலே பலமுறை உதைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் துப்ப வைத்தாள். மறுபடி மாட்டினாள். உதைத்தாள். உதைத்தாள். ஒவ்வொரு உதைக்கும் யாரை நினைத்துக்கொண்டாள் என்பது அவளுக்கே வெளிச்சம். இனிக் கிளம்பாது என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில் மகாராணி இருமிக்கொண்டு உயிர் பிடித்தாள்.

அம்மா அப்போதுதான் வாயருகே இரண்டு கையையும் குவித்து, எதிர்க்கரையைப் பார்த்து ஏதோ கேட்டாள். நீளமான கேள்வி. கேட்கும்போது அவள் முதுகு முழுவதும் குலுங்கியது.

அப்பா ஓரெட்டு முன்னால் வந்து காதருகே கையை வைத்துக்கொண்டார். ஓடைச் சத்தத்தில் விழவில்லை போலிருக்கிறது. வழக்கம்போலச் சுள்ளியைப் பார்த்தார். அம்மா என்ன சொல்றா என்று கையால் சாடை காட்டிக் கேட்டார். அம்மாவும் மெல்லத் திரும்பி, அவளைப் பார்த்தாள்.

சுள்ளி இருவரையும் பார்க்கவில்லை. ஆம்பியர் முள்ளின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை முழுவதுமாக முறுக்கினாள். அந்த உறுமலில் ஓடைச் சத்தமே காணாமல் போனது.